பாரம்பரியத் தக்காளி விதை போட்டால் ஒன்று நாற்றிலேயே சாகிறது, இல்லையென்றால் காய்ப்பதில்லை. எங்கே தவறு?

கேள்வி: நண்பர் கொடுத்த பாரம்பரியத் தக்காளி விதையை இரண்டு முறை போட்டேன். முதல் தடவை நாற்றுகள் விரல் உயரத்தில் சாய்ந்து செத்தன. இரண்டாம் தடவை செடி தோள் உயரம் வளர்ந்து பூத்தது. ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. இதே மண்ணில் கலப்பின விதை நன்றாகத்தான் வந்தது. இன்னும் 12 விதைகள் மிச்சம் இருக்கின்றன. என்ன செய்யலாம்?

பதில்:

கலப்பின விதை அதே மண்ணில் நன்றாக வந்தது என்று நீங்கள் சொன்னதிலேயே பாதி விடை கிடைத்துவிட்டது. மண்ணை விட்டுவிடலாம், அதில் பெரிய கோளாறு இருக்காது.

பல கலப்பின விதைப் பாக்கெட்டுகளில் பெயருக்குப் பக்கத்தில் வி, எஃப், என் என்று சில எழுத்துகள் இருக்கும். வெர்டிசிலியம் வாடல், ஃபுசேரியம் வாடல், நூற்புழு இவற்றையெல்லாம் அந்த ரகம் தாங்கும் என்று அர்த்தம். அந்தச் சக்தியை யாரோ பல வருடம் உழைத்து அதற்குள் சேர்த்திருக்கிறார்கள். பாரம்பரிய ரகங்களைக் காப்பாற்றி வந்தவர்களோ பழத்தைக் கடித்துப் பார்த்து, பிடித்ததில் விதை எடுத்து வைத்தவர்கள். அதனால் ருசி கிடைத்தது, கவசம் கிடைக்கவில்லை. கலப்பினச் செடி தானே பார்த்துக்கொள்ளும் வேலைகளில் பாதியை இங்கே நாம் செய்ய வேண்டியிருக்கும். பதிலுக்கு விதை நம் கையில் இருக்கும். கலப்பினப் பழத்தின் விதையைப் போட்டால் அடுத்த தலைமுறை ஆளுக்கொரு குணத்தில் வந்து நிற்கும். பாரம்பரிய ரகம் அம்மாவைப் போலவே வரும்.

‘பாரம்பரியம்’ என்றதும் ஆதிகாலத்திலிருந்து மாறாமல் வந்தது என்று நினைத்துவிட வேண்டாம். ‘மார்ட்கேஜ் லிஃப்டர்’ என்று ஒரு பிரபலமான ரகம் உண்டு. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் ரேடியேட்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்த பைல்ஸ் என்பவர், பெரிய பழம் தரும் செடிகளைத் தம் வீட்டுத் தோட்டத்திலேயே கலந்து, வருடா வருடம் தேர்ந்தெடுத்து நிலைப்படுத்தியது அது. 1940களில் நாற்று ஒன்று ஒரு டாலர் என்று விற்று வீட்டுக் கடனை அடைத்தார் என்பார்கள். பெயரே அதிலிருந்து வந்ததுதான். அந்த ரகத்துக்கு வயது நூறுகூட ஆகவில்லை.

சரி, உங்கள் இரண்டாவது தோல்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதுதான் பலருக்கும் புரியாத ஒன்று.

செடி செழித்து, பூத்து, காய் பிடிக்கவில்லை என்றால் நான் முதலில் பார்ப்பது இரவு வெப்பநிலையை. தக்காளிப் பூவில் ஆண், பெண் இரண்டும் ஒரே பூவுக்குள் இருப்பதால் வெளியிலிருந்து மகரந்தம் வந்தாக வேண்டியதில்லை. ஆனால் இரவு 24 டிகிரிக்குக் கீழே இறங்காமல், பகல் 33, 34 என்று தொடர்ந்தால் மகரந்தம் வீணாகிவிடும். இரவு 13 டிகிரிக்குக் கீழே போனாலும் இதே கதிதான். பூக்காம்பில் கணு மாதிரி ஒரு மூட்டு இருக்கும். அந்த இடம் மஞ்சளாகி, தொட்டாலே பூ உதிரும். குட்டித் தக்காளி ரகங்கள் இதை ஓரளவு சமாளிக்கும். உள்ளங்கை அளவுப் பழம் தரும் பெரிய பாரம்பரிய ரகங்கள்தான் முதலில் கைவிரிக்கும்.

அதனால் விதைக்கும் தேதியை எப்படி முடிவு செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். ‘விதை கையில் கிடைத்தது, இன்றைக்கே போடுவோம்’ என்பதுதான் நாம் வழக்கமாகச் செய்வது. பின்னாலிருந்து எண்ணிப் பாருங்கள். உங்கள் இடத்தில் இரவு 15 முதல் 21 டிகிரிக்குள் இருக்கும் வாரங்கள் எவை? பூ அந்த வாரங்களில் வர வேண்டும். என் செடிகளில் விதைத்த 9ஆவது வாரத்தில் பூக்கத் தொடங்கி, 14ஆவது வாரம் வரை நல்ல பூ இருக்கும். அப்படியானால் அந்த இதமான வாரங்கள் தொடங்குவதற்கு ஏறக்குறைய இரண்டு மாதம் முன்னால் விதை மண்ணுக்குள் போயிருக்க வேண்டும். கலப்பின ரகம் இரண்டு மூன்று வாரம் தப்பினாலும் மன்னித்துவிடும், இது மன்னிக்காது.

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. தோள் உயரம், கரும்பச்சை இலை, காய் இல்லை என்றால் உரத்தில் நைட்ரஜன் அதிகமாகியிருக்கலாம். ஆசையாக வாரா வாரம் எருவைப் போட்டுக்கொண்டே இருந்தீர்களா? நான் இருந்தேன். இலையைப் பார்த்துப் பெருமைப்பட்டதுதான் மிச்சம். நடும்போது மட்கிய உரம் தாராளமாகக் கொடுங்கள். அப்புறம் முதல் காய் கோலிக்குண்டு அளவு வரும்வரை கையைக் கட்டிக்கொள்ளுங்கள். காற்றே இல்லாத மூலையில் செடி நின்றால், காலையில் பூங்கொத்தின் காம்பை விரலால் இரண்டு தட்டுத் தட்டினால் போதும். மகரந்தம் உள்ளேயே உதிர்ந்து ஒட்டிக்கொள்ளும்.

இப்போது முதல் தோல்வி. நாற்று தரைமட்டத்தில் நூல் மாதிரி இளைத்து, நீர்க்கோத்த தழும்புடன் சாய்ந்ததா? அது நாற்றழுகல். பூஞ்சை, பூஞ்சை போன்ற நுண்ணுயிர்கள் செய்யும் வேலை. விதைமேல் பழி போடாதீர்கள். தண்ணீர்தான் அவற்றை அழைத்து வருகிறது. நான் விதை போட ஆரம்பித்த முதல் வருடம் குழித்தட்டை பிளாஸ்டிக் தாளால் மூடி வைத்தேன். ஐந்தாம் நாள் அழகாக முளைத்தது. ஈரம் போகாமல் இருக்கட்டும் என்று தாளை எடுக்காமல் விட்டேன். மூன்று நாள் கழித்துக் காலையில் பார்த்தால் நாற்பது நாற்றில் முப்பத்தைந்து படுத்துக் கிடந்தன. முதல் முளை தலைகாட்டிய அன்றே மூடியை எடுத்துவிட வேண்டும் என்பது எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். சலித்த தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் கலந்து, கழுவிக் காயவைத்த குழித்தட்டில் நிரப்புவேன். விதைக்கு அரை சென்டிமீட்டர் ஆழம் போதும். 24 முதல் 29 டிகிரி வெப்பம் இருந்தால் ஐந்தாறு நாளில் முளைக்கும். பழைய விதை பத்து நாள்கூட எடுக்கும், அவசரப்பட்டுத் தோண்டிப் பார்க்காதீர்கள். முளைத்த பிறகு தண்ணீர் மேலே ஊற்றுவதே இல்லை. தட்டைக் கொஞ்சம் தண்ணீரில் பத்து நிமிடம் வைத்து எடுத்துவிடுவேன், அடியிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். மேல்மண் வெளுத்து, தட்டைத் தூக்கினால் லேசாக இருக்கும்போதுதான் அடுத்த தண்ணீர்.

சில முளைகள் விதையின் தோலைத் தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டு வரும், வித்திலை இரண்டும் உள்ளே சிக்கிக்கொண்டிருக்கும். பிய்த்து எடுத்தால் தலையும் சேர்ந்து வந்துவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, கால் மணி நேரம் கழித்து இன்னொரு சொட்டு. தோல் ஊறியதும் இரண்டு விரல் நகத்தால் மெல்ல நெருடினால் கழன்றுவிடும். கண்ணாடி தேவைப்படும் வயது என்றால் போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

வெளிச்சம் போதாவிட்டால் நாற்று வெளுத்து நீண்டு, கொடி மாதிரி ஆடும். வீட்டுக்குள் ஜன்னலோரம் வைப்பவர்களுக்கு இதுதான் தலைவலி. அப்படி நீண்டுவிட்டாலும் தூக்கிப் போட வேண்டியதில்லை. தக்காளித் தண்டு மண்ணில் புதைந்த இடமெல்லாம் வேர் விடும். நாலைந்து இலை வந்ததும் பெரிய தொட்டிக்கு மாற்றும்போது கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மேல் கொத்து மட்டும் வெளியே தெரியும்படி ஆழமாகப் புதையுங்கள். மற்ற செடிகளில் இப்படிச் செய்தால் பல நேரம் தண்டு அழுகிவிடும், தக்காளிக்கு அது கொண்டாட்டம். முழு வெயிலுக்குக் கொண்டுபோகும் முன் ஒரு வாரம், பத்து நாள் வெயிலுக்குப் பழக்குங்கள். முதல் நாள் ஒரு மணி நேரம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம்.

நட்ட பிறகு வரும் வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான பாரம்பரிய ரகங்கள் கொடிபோல வளர்ந்துகொண்டே போகும் சாதி, ஆறடிக் குச்சியை நடும் அன்றே ஊன்றிவிடுங்கள். தொட்டி என்றால் ஒரு செடிக்கு 20 லிட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். மண்ணை இலைச்சருகால் மூடுங்கள், தரையைத் தொடும் இலைகளைக் கிள்ளுங்கள். மண் தெறித்து இலையில் படுவதிலிருந்துதான் பாதி நோய் ஆரம்பிக்கிறது. கத்திரி, மிளகாய், உருளைக்கிழங்கு நின்ற இடத்தில் இரண்டு மூன்று வருடம் தக்காளி வேண்டாம்.

காயின் அடிப்பக்கம் கறுத்துக் குழிந்தால் முட்டை ஓடு தேடி ஓடாதீர்கள். சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேரவில்லை என்பது உண்மைதான். ஆனால் பெரும்பாலும் மண்ணில் அது இருக்கும். நாம் ஒரு நாள் காயவிட்டு மறுநாள் குளிப்பாட்டுவதால் செடியால் சீராக எடுத்துக்கொள்ள முடியாது. பழம் வெடிப்பதற்கும் இதே ஏற்ற இறக்கம்தான் காரணம். மேல்புறம் பச்சையாகவே நின்று மற்ற இடம் சிவந்தால் பல பாரம்பரிய ரகங்களில் அது இயல்பு. கடைத் தக்காளி ஒரே சீராகச் சிவக்க வேண்டும் என்று தேர்ந்தெடுத்தபோது, காயில் பச்சையத்தைக் கூட்டும் மரபணு ஒன்று பழுதாகிப்போனதையும், அதனால் பழத்தில் சர்க்கரை குறைந்ததையும் 2012இல் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அந்தப் பச்சைத் தோள் எனக்கு அழகாகத்தான் தெரிகிறது.

பறவைத் தொல்லை இருந்தால் நிறம் திரும்ப ஆரம்பித்ததுமே பறித்து வீட்டுக்குள் வையுங்கள். அந்தக் கட்டத்தைத் தாண்டிய காய் செடியை விட்டுப் பிரிந்தாலும் பழுத்துவிடும். விதைக்கு வைக்கும் பழத்தை மட்டும் நன்றாகக் கனியும்வரை செடியிலேயே விடுங்கள்.

அந்த விதைப் பழத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பழத்தைப் பார்க்காமல் செடியைப் பாருங்கள். நோயில்லாமல், நிறையக் காய்த்த செடி எதுவோ அதில் இரண்டு மூன்று பழம். பெரிய ரகங்களில் நாலைந்து பூ ஒட்டிப் பிறந்த மாதிரி ஒரு தடித்த பூ வரும். சில ரகங்களில் மகரந்தத்தை ஏற்கும் பெண் நுனியான சூல்முடி வெளியே துருத்திக்கொண்டும் இருக்கும். அங்கே தேனீக்கள் வேறு ரகத்தின் மகரந்தத்தைக் கொண்டுவந்துவிடலாம். ஒன்றுக்கு மேற்பட்ட ரகம் வளர்த்தால், விரியாத மொட்டுக்கொத்தை மெல்லிய வலைத்துணிப் பையால் மூடி, பிஞ்சு விட்டதும் பையை எடுத்துவிட்டு ஒரு நூலைக் கட்டி அடையாளம் வையுங்கள்.

விதையை வழவழப்போடு பிழிந்து ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் தண்ணீரோடு வைக்க வேண்டும். அந்த வழவழப்பு, பழத்துக்குள்ளேயே விதை முளைத்துவிடாமல் தடுக்க இயற்கை போட்ட பூட்டு. இரண்டு மூன்று நாளில் மேலே வெள்ளை ஆடை கட்டும், நாற்றம் சகிக்காது. வீட்டில் உள்ளவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் நல்ல விதை அடியில் தங்கும், சக்கை மிதக்கும். அலசி, பீங்கான் தட்டில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். காகிதத்தில் போட்டால் ஒட்டிக்கொள்ளும், பிரிந்து வராது. இரண்டாக உடைக்கும்போது ‘டக்’ என்று உடைகிற அளவு காய்ந்த விதையை ஈரம் புகாத டப்பாவில், குளிர்ந்த இடத்தில் வைத்தால் ஐந்து வருடம் தாராளமாக முளைக்கும்.

உங்களிடம் இருக்கும் 12 விதைக்கு வருகிறேன். பன்னிரண்டையும் ஒரே நாளில் போடாதீர்கள். இரவு வெப்பநிலையைப் பார்த்துத் தேதி குறித்து, அன்றைக்கு 4 போடுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு 4. கடைசி 4 டப்பாவிலேயே இருக்கட்டும்; ஒரே ஒரு செடி காய்த்து, அதிலிருந்து விதை எடுத்துக் காயவைத்து முடிக்கும்வரை அதைத் தொடாதீர்கள்.