கணினிக் கேள்வி–பதில்: பக்கத்துச் செயலியைத் தேடும் நிரல்

கேள்வி: லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில், ஒரு நினைவகக் கணுவுக்கு அருகில் உள்ள செயலிகளை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிரல் ஒன்றை மதிப்பாய்வு செய்யும்படி எங்கள் பேராசிரியர் கொடுத்திருக்கிறார். ஓட்டிப் பார்த்தேன், ஓடுகிறது. ஓடுகிற நிரலில் நான் எதைத் தேட வேண்டும்?
— கணினியியல் மாணவி, ரோஸ் ஹில்

பதில்: இந்த வகை நிரல் தவறாக எழுதப்பட்டிருந்தாலும் பெரும்பாலும் ஓடும். எந்தச் செயலியைத் தேர்ந்தெடுத்தாலும் வேலை நடந்துவிடும், தாமதமாக நடக்கும், அவ்வளவுதான். ஆகவே ஓடுகிறது என்பதை இங்கே சான்றாக ஏற்காதீர்கள். செயலிகளை எந்த வரிசையில் தருவதாக இந்த நிரல் வாக்களிக்கிறது, அந்த வாக்கை எல்லைகளிலும் காப்பாற்றுகிறதா என்று பாருங்கள்.

மற்ற வாசகர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். பெரிய சர்வர்களில் ஒன்றுக்கு மேற்பட்ட செயலிச் சில்லுகள் இருக்கும்; ஒவ்வொன்றோடும் நேரே பிணைந்த நினைவகம் உண்டு. செயலிகளும் அவற்றின் நினைவகமும் சேர்ந்தது ஒரு கணு. தன் கணுவின் நினைவகத்தைத் தொடுவது விரைவாக முடியும்; வேறொரு கணுவின் நினைவகத்தைத் தொட வேண்டுமானால் இடையில் உள்ள இணைப்பைக் கடந்து போய் வர வேண்டும். இந்த அமைப்புக்கு நியூமா என்று பெயர். கணுக்களுக்கிடையே உள்ள தூரத்தைக் கணினியின் ஃபர்ம்வேர் (வன்பொருளிலேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) ஓர் அட்டவணையாகக் கெர்னலிடம் கொடுக்கிறது. அதில் ஒரு கணுவுக்கும் அதற்குமான தூரம் 10. 20 என்றால் ஏறத்தாழ இருமடங்கு என்று பொருள். இவை ஃபர்ம்வேர் சொல்லும் எண்கள், கெர்னல் அளந்து கண்டவை அல்ல.

கணுவையும் ஒரு வரிசை எண்ணையும் கொடுத்தால் அதற்குரிய செயலியைத் தரும் செயற்கூறு ஒன்று கெர்னலில் இருக்கிறது. ‘சிபியுமாஸ்க் லோக்கல் ஸ்ப்ரெட்’ என்பது அதன் பெயர். நெட்வொர்க் கார்டின் குறுக்கீடுகளை, அதாவது ‘என்னைக் கவனி’ என்று கார்டு அனுப்பும் அழைப்புகளை, செயலிகளுக்குப் பங்கிடும் டிரைவர்கள் அதை அழைக்கின்றன. 2023 ஏப்ரலில் வெளியான 6.3 பதிப்புக்கு முன்பு, அது தன் கணுவின் செயலிகளை முதலில் கொடுத்துவிட்டு, எஞ்சியவற்றைத் தூரம் பாராமல் எண் வரிசைப்படி கொடுத்துவந்தது. ரோஸ் ஹில் கடைகளில் ஒரு பொருள் கிடைக்காவிட்டால் நீங்கள் பக்கத்து ஊரான குவாத்ர் போர்னில் தேடுவீர்களே தவிர, ஊர்ப்பெயர்ப் பட்டியலில் முந்தி வருகிறது என்பதற்காகத் மொரீஷியஸ் தீவின் கிழக்கே ஃப்ளாக் வரை போக மாட்டீர்கள். பழைய நிரலோ ஃப்ளாக்குக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆண்டுக்கணக்கில் அது ஓடிக்கொண்டும் இருந்தது.

இப்போதைய நிரல் தூரத்தை வட்டங்களாகப் பார்க்கிறது: குறிப்பிட்ட தூரத்துக்குள் அடங்கும் எல்லாச் செயலிகளும் ஒரு வட்டம். உங்கள் தாளில் ஒரு கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். 0 முதல் 3 வரை நான்கு கணுக்கள், கணுவுக்கு நான்கு செயலிகள். கணு 0-இல் செயலிகள் 0–3, கணு 1-இல் 4–7, இப்படியே 15 வரை. கணு 2-இலிருந்து பார்த்தால் அதற்கு அதுவே 10, கணு 3 வரை 20, மற்ற இரண்டும் 30 என்று கொள்வோம். முதல் வட்டத்தில் 4 செயலிகள், இரண்டாவதில் 8, மூன்றாவதில் 16. வெளிவட்டம் உள்வட்டத்தையும் தன்னுள் கொண்டது என்பதை மறக்கக் கூடாது. பிழைகள் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கின்றன.

வரிசை எண் 0-இலிருந்து தொடங்குவதால், எண் 4 என்பது ஐந்தாவது செயலி. கணு 2-க்கு எண் 4-ஐக் கேட்டால் சரியான விடை 12, அதாவது கணு 3-இன் முதல் செயலி. (பழைய நிரல் 0 என்று சொல்லியிருக்கும்.) வட்டத்தில் உள்ள செயலிகளின் எண்ணிக்கை, கேட்ட வரிசை எண்ணைவிடக் குறைவாகவோ அதற்குச் சமமாகவோ இருந்தால் அடுத்த வட்டத்துக்குப் போக வேண்டும். எழுதியவர் ‘சமம்’ என்பதை விட்டுவிட்டால், நான்கே செயலிகள் உள்ள முதல் வட்டத்தில் ஐந்தாவதைத் தேடி, கிடைக்காமல் 16 என்ற எண் திரும்பும். அப்படியொரு செயலி இல்லை என்பதற்கான குறி அது. அழைத்தவர் அதைச் சோதிக்காமல் அணியின் (வரிசையாக அடுக்கிய தரவின்) சுட்டெண்ணாகப் பயன்படுத்தினால், அணியின் எல்லைக்கு வெளியே உள்ள நினைவகம் தொடப்படும்.

இந்தப் பிழையாவது கணினியை முடக்கித் தன்னைக் காட்டிக்கொள்ளும். எனக்கு அதிக அச்சம் தருவது வேறொன்று. இரண்டாம் வட்டத்துக்கு வந்ததும் இரண்டு காரியங்கள் நடக்க வேண்டும்: கேட்ட எண்ணிலிருந்து உள்வட்டத்தின் எண்ணிக்கையைக் கழிக்க வேண்டும், உள்வட்டத்தின் செயலிகளைத் தேடலிலிருந்து நீக்கவும் வேண்டும். கழித்துவிட்டு நீக்க மறந்தால், எண் 4-க்கு விடையாகச் செயலி 8 வரும். அதுவோ எண் 0-க்கு ஏற்கெனவே கொடுத்த செயலி. எச்சரிக்கைச் செய்தி எதுவும் வராது. ஒரே செயலி இரண்டு பங்கு வேலையைச் சுமக்க, கணு 3 சும்மா இருக்கும். ஆகவே எண் 0 முதல் 15 வரை எல்லாவற்றுக்கும் விடை எழுதி, ஒரு செயலி இரண்டு முறை வருகிறதா, ஏதேனும் விடுபடுகிறதா என்று சரிபாருங்கள்.

அடுத்து, கணுவே தெரியாத நிலை. அப்போது கணு எண்ணாக −1 வரும்; அதை அணிக்குள் அப்படியே நுழைய விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். செயலியே இல்லாமல் நினைவகம் மட்டும் கொண்ட கணுக்களும் உண்டு. அங்கே, செயலி உள்ள மிக நெருங்கிய கணுவை முதலில் கண்டுபிடித்து அதிலிருந்து தொடங்க வேண்டும். வட்டங்களின் அட்டவணை இடையில் மாற்றப்படக் கூடும் என்பதால் அதை ஆர்சியு பாதுகாப்புக்குள் (படிப்பவர் முடிக்கும்வரை பழைய தரவை அழிக்காமல் காக்கும் கெர்னல் முறை) நின்றே படிக்க வேண்டும். தேர்ந்தெடுத்த செயலி அடுத்த நொடியில் அணைக்கப்படலாம். அதை அழைப்பவர் தாங்குவாரா, அல்லது பூட்டு ஏதேனும் பிடிக்க வேண்டுமா என்று எழுதியவரிடம் கேளுங்கள். அந்தக் கேள்வியே நல்ல மதிப்பாய்வுதான்.

இதற்கெல்லாம் பெரிய சர்வர் தேவையில்லை. கியூஎமு மென்பொருளில் நான்கு கணுக்களும் 16 செயலிகளும் கொண்ட மெய்நிகர் கணினியை உங்கள் மடிக்கணினியிலேயே உருவாக்கி, எல்லாக் கணு இணைகளுக்கும் தூரத்தை நீங்களே கொடுக்கலாம். ஆனால் அதில் வேகத்தை அளந்து அறிக்கையில் எழுதாதீர்கள். வரிசை சரியா என்பதை மட்டுமே அது சொல்லும்.

கேள்வி: எங்கள் சர்வரில் நெட்வொர்க் கார்டின் ‘நியூமா நோட்’ கோப்பு −1 என்று காட்டுகிறது. கார்டு பழுதா?
— சர்வர் பராமரிப்பாளர், எபேன்

பதில்: பழுதில்லை. அந்தக் கார்டு எந்தக் கணுவைச் சேர்ந்தது என்று ஃபர்ம்வேர் சொல்லவில்லை என்பதே அதன் பொருள். ‘நியூமாசிடிஎல்’ கட்டளையை ‘ஹார்ட்வேர்’ விருப்பத்தோடு இயக்குங்கள்; எத்தனை கணுக்கள் என்று அது காட்டும். ஒரே கணு இருந்தால் செய்ய வேண்டியது எதுவுமில்லை. பல கணுக்கள் இருந்தால், தயாரிப்பாளர் வெளியிட்ட புதிய ஃபர்ம்வேர் உண்டா என்று பாருங்கள். ரூட் பயனராக (முழு அதிகாரம் உள்ளவராக) அந்தக் கோப்பில் சரியான எண்ணை எழுதவும் முடியும். ஆனால் ஃபர்ம்வேர் குறையைக் கையால் சரிசெய்ததாகக் கெர்னல் தன்மேல் ஒரு குறியிட்டுக்கொள்ளும்.

கேள்வி: முதன்முறையாக ஒரு கெர்னல் பேட்சை (நிரலில் செய்ய முன்மொழியும் மாற்றத்தை) படித்தேன். ‘ரிவ்யூட்-பை’ (மதிப்பாய்வு செய்தவர்) என்று என் பெயரைக் கொடுக்கலாமா?
— வாசகர், கியூர்பிப்

பதில்: புதியவர் என்பது தடையில்லை. அந்த வரியைக் கொடுப்பவர், பேட்சைத் தொழில்நுட்ப நோக்கில் ஆராய்ந்ததாகவும், தம் ஐயங்களை எழுதியவரிடம் சொல்லி நிறைவான விடை பெற்றதாகவும், தமக்குத் தெரிந்து அதைச் சேர்ப்பதைத் தடுக்கும் குறையேதும் எஞ்சவில்லை என்றும் அறிவிக்கிறார் என்று கெர்னலின் ஆவணமே சொல்கிறது. பிழையே இல்லை என்று உத்தரவாதம் கொடுக்கும்படி அது உங்களிடம் கேட்கவில்லை. ஆனால் மேலே சொன்னது போன்ற கணக்கைத் தாளில் போட்டுப் பார்க்காமல், பேட்சின் விளக்கவுரையை மட்டும் வாசித்துவிட்டு அதைக் கொடுப்பது முறையன்று. ஓட்டிப் பார்த்தது மட்டுமே உண்மையானால் ‘டெஸ்டட்-பை’ (சோதித்தவர்) என்று கொடுங்கள். எத்தனை கணுக்களோடு, எந்தத் தூர அட்டவணையோடு ஓட்டினீர்கள் என்பதையும் பதில் மடலில் எழுதுங்கள்.