நேர்கோட்டுக்கு ஏன் ஷாக் வைப்பதில்லை?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வாசகி: "ஹாஸ்பிடல் சீரியலில் மானிட்டரில் கோடு நேரானதும் நெஞ்சில் ஷாக் வைக்கிறார்கள், நோயாளி எழுந்துவிடுகிறார். போன மாதம் ஐசியுவில் என் அப்பாவுக்குக் கோடு நேரானபோது ஷாக் வைக்கவே இல்லை. நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தார்கள். அப்பா போய்விட்டார். ஷாக் வைத்திருந்தால் பிழைத்திருப்பாரா? வீட்டில் யாராவது இப்படி விழுந்தால் என்ன செய்வது?"

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், அவர்கள் செய்ததுதான் சரி. சில சமயம் இதயத் தசை தாளம் தப்பி வெறுமனே நடுங்கும். மானிட்டரில் அது குழந்தை கிறுக்கியது போலத் தெரியும். அந்த நடுக்கத்தை அடக்கி, இதயம் தன் தாளத்தைத் திரும்பப் பிடிக்க இடம் கொடுப்பதுதான் ஷாக்கின் வேலை. கோடே நேராகிவிட்டால் அடக்குவதற்கு அங்கே நடுக்கம் இல்லை. நெஞ்சை அழுத்துவார்கள், 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை அட்ரினலின் ஊசி போடுவார்கள், காரணத்தைத் தேடுவார்கள். அதற்குப் பிறகும் பிழைப்பவர்கள் மிகக் குறைவு. அப்பாவுக்கு ஏதோ ஒன்று செய்யாமல் விட்டுவிட்டார்கள் என்று மனதைப் போட்டு வாட்டிக்கொள்ளாதீர்கள்.

அமெரிக்க டிவி நிகழ்ச்சிகளை வைத்து 1996இல் ஓர் ஆய்வு வந்தது. திரையில் இதயம் நின்றவர்களில் 75% பேர் உடனடியாகப் பிழைத்துக்கொண்டார்கள். நிஜத்தில், ஆஸ்பத்திரிக்குள்ளேயே இதயம் நின்றால்கூட வீடு திரும்புபவர் நான்கைந்து பேரில் ஒருவர்தான். சீரியல் டாக்டரின் முழங்கையைக் கவனித்திருக்கிறீர்களா? மடங்கியே இருக்கும். நிஜமாக அழுத்தினால் படுத்திருக்கும் நடிகரின் விலா எலும்பு போய்விடும், பாவம்.

சரி, வீட்டு விஷயம். விழுந்தவரைத் தட்டிக் கூப்பிடுங்கள். அசைவில்லை, மூச்சும் இல்லை என்றால் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்கிவிடுங்கள். கரையில் போட்ட மீன் மாதிரி விட்டு விட்டு வாயைத் திறந்து இழுப்பதும் மூச்சு இல்லைதான். இதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். ஒருவர் போனை ஸ்பீக்கரில் போட்டு 108ஐக் கூப்பிடட்டும். எல்லையோர ஊர் என்பதால் கேரளா, பாலக்காடு மாவட்டம் என்று முதலிலேயே சொல்லட்டும். பாலக்காடா, கோயமுத்தூரா என்ற வாக்குவாதமெல்லாம் அப்புறம். அழுத்தாமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் 7 முதல் 10 சதவீதத்தைத் தின்றுவிடும்.

கயிற்றுக் கட்டிலிலோ மெத்தையிலோ கிடந்தால் தரைக்கு இறக்குங்கள். இல்லையென்றால் உங்கள் பலமெல்லாம் கயிற்றுக்குத்தான் போகும். நெஞ்சின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மேலே மறு கையைக் கோத்து, முழங்கை மடங்காமல் 5 முதல் 6 சென்டிமீட்டர் இறங்கும்படி அழுத்துங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுசாக மேலே வரட்டும். 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றிக்கொள்ளுங்கள், கை ஓய்ந்துவிடும். நடுவில் எலும்பு 'டக்'கென்று உடையும் சத்தம் கேட்கலாம். கேட்டாலும், அவர் அசைந்து மூச்சு விடும்வரை, அல்லது ஆம்புலன்ஸ்காரர் வந்து பொறுப்பை வாங்கிக்கொள்ளும்வரை கையை எடுக்காதீர்கள்.