கட்டியவரே இடித்த கோட்டை

கேள்வி: ஃபிலடெல்ஃபியாவில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். லிபர்ட்டி பெல் பார்த்தாயிற்று. "ஏர்போர்ட் பக்கத்துல ஒரு பழைய கோட்டை இருக்கு மாமா" என்கிறார் மருமகன். எட்டு வயதுப் பேரனோடு போகலாமா?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: தாராளமாகப் போங்கள் ஐயா. டெலவேர் ஆற்றங்கரையில் இருக்கும் ஃபோர்ட் மிஃப்லினைத்தான் சொல்கிறார். நான் போயிருந்தபோது தலைக்கு மேலேயே விமானம் இறங்கியது. வழிகாட்டி பேச்சை நிறுத்தி, அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அவருக்குப் பழகிவிட்டது.

1771இல் பிரிட்டிஷ்காரர்களே கட்டத் தொடங்கிய கோட்டை இது. திட்டம் போட்டவர் ஜான் மாண்ட்ரேசர் என்ற பொறியாளர். 1777இல், அமெரிக்க விடுதலைப் போரின்போது, கோட்டை அமெரிக்கர் கையில். பீரங்கி வைத்து அதைத் தகர்க்கும் பொறுப்பு யாருக்கு வந்தது? அதே மாண்ட்ரேசருக்கு!

நகரத்தைப் பிடித்துவிட்ட பிரிட்டிஷ் படைக்குச் சாப்பாடு ஆற்று வழியாக வந்தாக வேண்டும். அமெரிக்கர்களோ மரச்சட்டங்களில் இரும்பு முனைக் கம்பங்களைப் பொருத்தி, கல்லை நிரப்பி, ஆற்றுக்கடியில் இறக்கியிருந்தார்கள். மோதினால் கப்பலின் அடிவயிறு கிழியும். அவற்றை அகற்ற யாரும் வராமல் காவல் காப்பதுதான் கோட்டையின் வேலை.

பேரனுக்கு ரம் கதையைச் சொல்லுங்கள். (மகள் முறைத்தால் நான் பொறுப்பல்ல.) கோட்டையில் 32 பவுண்டு எடைக் குண்டைச் சுடும் பீரங்கி ஒன்றே ஒன்று, அதற்குக் குண்டு கிடையாது. எதிரி சுடுவதோ அதே அளவுக் குண்டு. பொறுக்கி வந்தால் குண்டுக்கு ஒரு சிறு அளவு ரம் என்றார்கள் அதிகாரிகள். உருண்டுகொண்டிருக்கும் குண்டின் பின்னாலேயே சிப்பாய்கள் ஓடினார்களாம். அங்கே இருந்த 16 வயதுச் சிப்பாய் ஒருவர் பின்னாளில் எழுதிவைத்தது இது.

நவம்பர் 10 முதல் 15 வரை ஓயாத அடி. உள்ளே இருந்தவர்கள் சுமார் 400 பேர். பாதிக்கு மேல் செத்தார்கள் அல்லது காயப்பட்டார்கள். 15ஆம் தேதி இரவு மிச்சமிருந்தவர்கள் படகேறி நியூ ஜெர்சி கரைக்குப் போய்விட்டார்கள்.

ஒன்று கவனியுங்கள். உள்ளே பார்க்கும் கட்டடங்கள் போருக்குப் பிறகு எழுந்தவை. நான் முதல் அரை மணி நேரம் அவற்றைத்தான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய கல்சுவர் எங்கே என்று கேட்டுப் போங்கள். குண்டு பட்ட குழிகள் அதில் இன்னும் இருக்கின்றன.

குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், நேரத்தை விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். அப்புறம், கொசு மருந்தை மறக்க வேண்டாம். ஒரு காலத்தில் அந்த இடத்துக்குப் பெயரே சேற்றுத் தீவு.