நிறம் தீட்டியதும் என் அரூப வடிவங்கள் கலங்கிவிடுகின்றன. எங்கிருந்து கற்கத் தொடங்குவது?

"கணினியில் அரூபமான தொடர் வடிவங்கள் வரைகிறேன். வெறும் கோடுகளாக இருக்கும்வரை அழகாக இருக்கின்றன. நிறம் தீட்டியதும் குழம்பிவிடுகின்றன. நிறக் கோட்பாட்டை எங்கிருந்து படிப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். கோட்பாடு கொஞ்ச நாள் காத்திருக்கட்டும். முதலில் உங்கள் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள்.

இதே இடத்தில் நான் ஓராண்டுக்கு மேல் தேங்கி நின்றேன். ஒன்றோடொன்று பின்னிய முக்கோணங்களால் ஒரு வடிவம் வரைந்து, அதற்குப் பதினான்கு நிறங்கள் தீட்டினேன். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு நிறமும் இதமாக இருந்தது. சேர்த்துப் பார்த்தபோது முக்கோணங்களே காணாமல் போயிருந்தன. நிறங்களை மாற்றி மாற்றி மூன்று இரவுகள் கழிந்தன. பிறகு எல்லாவற்றுக்கும் மேலே ஒரு லேயர், அதாவது அடுக்கு, சேர்த்து, அதைச் சாம்பல் நிறத்தால் நிரப்பி, கீழுள்ள படத்தோடு அது கலக்கும் முறையை 'கலர்' என்று மாற்றினேன். படம் முழுவதும் கறுப்பு வெள்ளையானது. அப்போதுதான் நோய் தெரிந்தது. ஆரஞ்சு, பச்சை, இளஞ்சிவப்பு மூன்றும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகக் கிடந்தன.

ஒரு வடிவத்தின் விளிம்பைக் கண் பெரும்பாலும் ஒளி வேறுபாட்டைக் கொண்டே பிரித்தறிகிறது. சாயல், அதாவது அது சிவப்பா பச்சையா என்பது, பிறகுதான் வருகிறது. இங்கே செயலிகளின் நிறப் பெட்டி நம்மை ஏமாற்றிவிடுகிறது. சாயல், செறிவு, ஒளிர்வு என்று மூன்று ஸ்லைடர்கள் உள்ள பழைய முறையில் தூய மஞ்சளுக்கும் ஒளிர்வு 50, தூய நீலத்துக்கும் 50. உண்மையில் திரையின் வெள்ளையை 100 என்று கொண்டால், மஞ்சளின் ஒளி ஏறத்தாழ 93, நீலத்தின் ஒளி வெறும் 7. திரையின் மஞ்சள் சிவப்பு ஒளியும் பச்சை ஒளியும் கலந்தது; பச்சை ஒளிக்கு நம் கண் அவ்வளவு கூர்மையாகவும் நீல ஒளிக்கு அவ்வளவு மந்தமாகவும் இருப்பதே காரணம். இந்தக் கோளாறைப் பெருமளவு சரிசெய்யும் ஓகேலேப் என்ற நிற அளவையை 2020இல் பியோர்ன் ஓட்டோசன் வெளியிட்டார். உங்கள் செயலியில் அது இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லாவிட்டாலும் அந்தச் சாம்பல் லேயர் போதும். நான் அதை ஒவ்வொரு படத்திலும் வைத்திருந்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து மூடுகிறேன்.

இப்போது நான் நிறத்தில் தொடங்குவதே இல்லை. அடர்த்தி, நடுத்தரம், வெளிர் என்று மூன்றே சாம்பல்களில் வடிவத்தை முழுமையாக முடிக்கிறேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலும் வடிவம் நிற்கிறதா என்று சோதிக்கிறேன். அது நின்ற பிறகு, கிரிட்டா என்ற ஓவியச் செயலியில் 'கிரேடியன்ட் மேப்' என்ற ஃபில்டரை, படத்தை மாற்றாமல் மேலே போர்த்தும் ஒரு மாஸ்க்காகச் சேர்க்கிறேன். எந்தச் சாம்பலுக்கு எந்த நிறம் என்பதை அதுவே பொருத்திவிடும். கோட்டில் கை வைக்காமல் ஒரு மணி நேரத்தில் முப்பது நிறச் சேர்க்கைகளைப் பார்த்துவிடலாம். நிறச் சோதனை என்ற சொல்லுக்கு எனக்கு உண்மையான பொருள் கிடைத்தது இந்தக் கருவியால்தான். அடர்ந்த இடத்தில் ஊதாவும் வெளிர்ந்த இடத்தில் மங்கிய மஞ்சளும் வைத்தேன். பிறகு ஊதாவை அடர்பச்சையாக மாற்றினேன். ஒரே வடிவம் இரண்டு வெவ்வேறு பொழுதுகளாகத் தெரிந்தது. அந்த வியப்பு இன்னும் தீரவில்லை.

அடுத்த சிக்கல் அண்டை நிறங்கள். ஒருமுறை ஆரஞ்சுப் பரப்பின்மேல் சாம்பல் சதுரங்கள் வைத்தேன். அவை நீலம் கலந்தவை போலத் தெரிந்தன. நிறம் எடுக்கும் கருவியால் தொட்டுப் பார்த்தால் சிவப்பு 128, பச்சை 128, நீலம் 128. கலப்பில்லாத சாம்பல்தான். பாரிஸில் உள்ள கோபலின் நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவை நடத்திய வேதியியலாளர் மிஷெல் ஷெவ்ரல் இதே புதிரைச் சந்தித்தவர். கறுப்புச் சாயத்தில் வீரியம் இல்லை என்று அவரிடம் புகார் வந்தது. சாயத்தில் குறையே இல்லை, பக்கத்து இழைகளின் நிறம்தான் கறுப்பை மாற்றிக் காட்டுகிறது என்று அவர் கண்டறிந்து, 1839இல் நூலாக எழுதினார். ஆனால் வடிவம் மிக நுணுக்கமாக, மெல்லிய கோடுகளாக மாறும்போது இது தலைகீழாகிவிடும். அங்கே நிறங்கள் ஒன்றையொன்று விலக்காமல் ஒன்றின் சாயலை மற்றொன்று ஏற்றுக்கொள்கின்றன. இதற்கு வில்ஹெல்ம் ஃபான் பெசோல்ட் என்ற ஜெர்மானிய வானிலை அறிஞரின் பெயர் வழங்குகிறது. எனவே ஒரு நிறத்தை நிறப் பெட்டியில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அது இருக்கப்போகும் இடத்தில், இருக்கப்போகும் அளவில் வைத்துப் பாருங்கள். பெரிதாக்கியே வேலை செய்தால் இது பிடிபடாது.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கிரிட்டா இலவசம். அதில் டபிள்யூ விசையை அழுத்தினால் வலது ஓரத்தில் வெளியேறும் கோடு இடது ஓரத்தில் நுழையும். தொடர் வடிவத்தின் இணைப்பு தெரியாமலிருக்க அது போதும். நேர்த்தியான விளிம்புகள் வேண்டுமென்றால் இங்க்ஸ்கேப் என்ற வரைகலைச் செயலி.

ஒரு சமதளத்தை இரு திசைகளிலும் திரும்பத் திரும்ப நிரப்பும் வடிவங்களுக்கு 17 வகைச் சமச்சீர்களே உண்டு என்பதை ரஷ்யப் படிகவியலாளர் ஃபெதரோவ் 1891இலேயே நிறுவிவிட்டார். நிறமோ, சாதாரணத் திரையில் 1,67,77,216. உங்கள் கோடுகள் தடுமாறாமல் நிறம் மட்டும் தடுமாறுவதில் எனக்கு வியப்பில்லை. ஆகவே முதல் ஒரு மாதம் மூன்று நிறங்களைத் தாண்டாதீர்கள். அவற்றில் ஒன்று பாதிக்கு மேல் இடம் பிடிக்கட்டும், மிகச் செறிவானது மிகக் குறைந்த இடத்தில் இருக்கட்டும். நான்காவது நிறத்துக்குக் கை துறுதுறுக்கும்போது, இருக்கும் மூன்றில் ஒன்றின் ஒளிர்வை மட்டும் மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் நீங்கள் தேடியது அதுவாகவே இருக்கும்.

அச்சிடும் எண்ணம் இருந்தால் இன்னொன்று. திரையில் மின்னும் பச்சையையும் நீலத்தையும் அச்சு மையால் அப்படியே தர முடியாது. 'சாஃப்ட் புரூஃபிங்' வசதியை முன்கூட்டியே திறந்து, அச்சில் அவை எவ்வளவு மங்கும் என்று பார்த்துக்கொண்டே நிறம் தேர்ந்தெடுங்கள்.