வாசகர் கேள்வி – பதில்: பனிமலைக்குக் காரில் போக எந்த வழி?

கேள்வி: நாங்கள் லண்டனில் வசிக்கிறோம். பிப்ரவரி மாதப் பள்ளி விடுமுறையில், எட்டு வயதும் பதினொரு வயதுமான இரண்டு பிள்ளைகளுடன், பிரான்சில் உள்ள வால் தோரான்ஸுக்குப் பனிச்சறுக்குக்காகச் சொந்தக் காரிலேயே போகத் திட்டமிட்டிருக்கிறோம். கலேயில் இறங்கிப் பாரிஸ், லியோன் வழியாகப் போவதுதான் நேர்வழி என்கிறார் என் கணவர். ரீம்ஸ், தீஜோன் வழி நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. ஜெனீவாவைச் சுற்றிக்கொண்டு போனால் காட்சிகள் அழகாக இருக்கும் என்கிறார் என் அண்ணன். எதைத் தேர்ந்தெடுப்பது? – வாசகி, லண்டன்.

பதில்: வரைபடத்தை மலையிலிருந்து பின்னோக்கிப் பாருங்கள். கலேயிலிருந்து மலையடிவார ஊரான மூத்தியே வரை ஏறத்தாழ 900 கிலோமீட்டர். உங்கள் வழியாகப் போனாலும் கணவர் சொல்லும் வழியாகப் போனாலும் தூரத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனால் இரண்டு பாதைகளும் ஷாம்பெரியை நெருங்கும்போது ஒன்றாகி, அதன் பிறகு ஏ43, ஏ430 விரைவுச்சாலைகள், ஆல்பர்வில், என்90 சாலை, மூத்தியே என்ற ஒரே பள்ளத்தாக்குக்குள் நுழைந்தாக வேண்டும். 1992 குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளுக்காக விரிவாக்கப்பட்ட அந்தச் சாலையில்தான் அந்தப் பக்கத்துப் பெரிய பனிச்சறுக்கு ஊர்கள் அனைத்துக்குமான போக்குவரத்து வந்து சேர்கிறது. வாடகைக் குடியிருப்புகள் பெரும்பாலும் சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரை என்ற கணக்கில் விடப்படுவதால், அன்று ஒரு கூட்டம் இறங்க, இன்னொரு கூட்டம் ஏறும். ஆகவே அந்தப் பள்ளத்தாக்கின் வாயிலுக்கு எந்த நேரத்தில், எவ்வளவு களைப்போடு போய்ச் சேருகிறீர்கள் என்பதை வைத்துத்தான் மற்ற 800 கிலோமீட்டரையும் முடிவு செய்ய வேண்டும்.

இந்த அளவுகோலில் உங்கள் வழியே மேல். வெள்ளிக்கிழமை மாலை பாரிஸின் சுற்றுச்சாலையில் மாட்டிக்கொண்டால் எப்போது வெளியே வருவோம் என்று யாராலும் கணிக்க முடியாது. அதைத் தாண்டினாலும் லியோன் காத்திருக்கிறது. 1971-இல் திறக்கப்பட்ட அதன் ஃபூர்வியேர் சுரங்கம் விடுமுறைக்கால நெரிசலுக்குப் பெயர்போனது. மாறாக, கலேயிலிருந்து ஏ26 வழியாக ரீம்ஸ், த்ரோவா, பின்னர் ஏ5, ஏ31 வழியாக தீஜோன் என்று போனால், பெருநகரம் எதற்குள்ளும் நுழையாமல், அகன்ற வயல்வெளிகளுக்கு நடுவே ஒரே சீராக ஓட்டலாம். அலுப்பான சாலைதான், ஆனால் இரவில் ஓட்டுபவருக்கு அலுப்பு ஒரு குறையல்ல, தூக்கம்தான் குறை; ஆகையால் த்ரோவாவிலோ தீஜோனிலோ ஓர் அறையை முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.

தீஜோனுக்குப் பிறகு வழிகாட்டிக் கருவி உங்களை லியோன் பக்கம் இழுக்கலாம். அதைக் கேட்காமல் ஏ39-இல் பூர்க்-ஆன்-பிரெஸ் நோக்கிப் போய், ஏ42, ஏ432 வழியாக லியோனின் கிழக்கே ஒதுங்கி ஏ43-ஐப் பிடியுங்கள். ஏ39-இல் ஓர் ஓய்விடத்தில் எஃகால் ஆன பிரம்மாண்டமான கோழிச் சிலை ஒன்று நிற்கிறது. பிரெஸ் பகுதி கோழிக்குப் பேர்போனது. பின்னிருக்கையில் சண்டை மூளும் நேரத்துக்குச் சரியாக அது வந்து சேரும்.

அண்ணன் சொல்லும் காட்சியழகு உண்மை. ஆனால் சுவிஸ் விரைவுச்சாலையில் சக்கரம் வைத்த உடனே 40 பிராங்க் ஆண்டுச் சாலைக்கட்டண முத்திரை தேவைப்படும். ஜெனீவாவிலிருந்து அன்னெசி ஏரிக்கரை வழியாக ஆல்பர்வில் செல்லும் சாலையோ ஊர்களுக்குள் புகுந்து போவது. சனிக்கிழமையில் அங்கே ஏரியைப் பார்க்க வேண்டிய அளவுக்கு மேலாகவே நேரம் கிடைக்கும். வேறொரு மாதத்தில், அவசரம் இல்லாதபோது போங்கள்.

பயண நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரான்சில் குளிர்கால விடுமுறை மூன்று மண்டலங்களாகப் பிரித்து விடப்படுகிறது. உங்கள் வாரத்தில் எந்த மண்டலம் விடுமுறையில் இருக்கிறது என்று பாருங்கள். பிசோன் ஃப்யூத்தே என்ற அரசுச் சேவை ஒவ்வொரு நாளின் நெரிசலையும் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கருப்பு என நிறமிட்டு முன்கூட்டியே அறிவிக்கிறது. உங்கள் சனிக்கிழமை சிவப்பாகவோ கருப்பாகவோ இருந்தால், அதிகாலையிலேயே ஷாம்பெரியைக் கடந்துவிடுங்கள், அல்லது ஒரு நாள் வாடகை போனாலும் போகட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை ஏறுங்கள். நான் ஒருமுறை சனிக்கிழமை நண்பகலில் அந்தப் பள்ளத்தாக்கில் நுழைந்துவிட்டு, முன்னால் நின்ற காரின் கூரைப்பெட்டியை மனப்பாடம் செய்யும் அளவுக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூத்தியே சுமார் 480 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, வால் தோரான்ஸ் 2,300 மீட்டரில். கீழே மழை பெய்துகொண்டிருக்க, கொண்டை ஊசி வளைவுகளில் ஏற ஏற அது பனியாக மாறிவிடும். பிரான்சில் 2021 முதல் நவம்பர் 1 தொடங்கி மார்ச் 31 வரை, குறிப்பிட்ட மலைப்பகுதிகளில் நான்கு சக்கரங்களிலும் குளிர்கால டயர் இருக்க வேண்டும், அல்லது குறைந்தது இரண்டு இயக்கு சக்கரங்களுக்குப் பனிச்சங்கிலியோ துணி உறையோ காரில் இருக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் மூன்று சிகர மலைக்குள் பனித்திவலை பொறித்த சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தாலும் சங்கிலியை எடுத்துச் செல்வது நல்லது. அதைப் பெட்டியோடு கொண்டுபோய், இருட்டில், நனைந்த கையுறையோடு, மேலே ஏறும் கார்கள் ஒலியெழுப்ப, முதன்முறையாகப் பிரித்துப் பார்ப்பவர்களை ஒவ்வோர் ஆண்டும் காண்கிறேன். வீட்டு வாசலிலேயே ஒரு முறை மாட்டிக் கழற்றிப் பழகுங்கள், மூட்டைகளை இறக்காமலேயே எளிதில் கைக்கெட்டும்படி வையுங்கள். ஊருக்குள் சாமான்களை இறக்கியதும் காரை நிறுத்துமிடத்துக்குக் கொண்டுபோய்விட வேண்டும்; அந்த இடத்தையும் அறையோடு சேர்த்தே இப்போதே பதிவு செய்துவிடுங்கள்.