லைசென்ஸ் இல்லாமல் ஹாம் ரேடியோ கிளப்பில் சேரலாமா?

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மண்டியில் கணக்கு எழுதுகிறேன், வயது 44. நம் ஊரில் ஹாம் ரேடியோ கிளப் ஒன்று மாதாமாதம் கூடுகிறது என்று தெரிந்தவர் சொன்னார். எனக்கும் 13 வயது மகனுக்கும் ஆசை. லைசென்ஸ் இல்லாமல் போனால் சேர்த்துக்கொள்வார்களா? எலக்ட்ரானிக்ஸ் எனக்கு ஒன்றும் தெரியாது. ஆன்லைனில் ஒரு வாக்கி டாக்கி வாங்கி வைத்துக்கொள்ளலாமா? ஏற்காட்டில் அக்கா வீடு இருக்கிறது, அங்கிருந்து பேச முடியுமா? மைக்கைப் பிடித்துப் பேசக் கொஞ்சம் கூச்சம் வேறு.

பதில்: தாராளமாகப் போங்கள். ஹாம் ரேடியோ என்பது லைசென்ஸ் பெற்றவர்கள் பொழுதுபோக்காக ரேடியோ அலையில் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வது, அப்படிப் பேசுபவர்தான் ஹாம். பெரும்பாலான கிளப்களில் லைசென்ஸ் இல்லாதவர்களும் உறுப்பினர் ஆகலாம். கூட்டத்துக்கு வந்து உட்கார உறுப்பினராகக்கூட இருக்க வேண்டியதில்லை. “முதலில் லைசென்ஸ், அப்புறம் கிளப்” என்று தள்ளிப்போடுகிறவர்கள் பலர் இரண்டையும் விட்டுவிடுகிறார்கள். பரீட்சைக்குப் படிக்கத் துணையும், சந்தேகம் கேட்க ஆளும் கிளப்பில்தான் கிடைக்கும். அதனால் கிளப்பில் முதலில் சேருங்கள்.

வாக்கி டாக்கியை மட்டும் இப்போது வாங்காதீர்கள். ஹாம் அலைவரிசையில் ஒலிபரப்பும் கருவியை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பதே நம் நாட்டில் குற்றம். “பேச மாட்டேன், கேட்க மட்டும்தான்” என்று சொன்னாலும் எடுபடாது. ஆன்லைனில் விற்கிறார்கள் என்பதற்காக அது சட்டப்படி சரி என்று ஆகிவிடாது. கேட்பதற்கு வேறு வழி இருக்கிறது. உலகம் முழுக்க ஹாம்கள் தங்கள் ரிசீவரை இணையத்தில் திறந்து வைத்திருக்கிறார்கள். செல்போனிலேயே அலைவரிசையைத் திருப்பிக் கேட்கலாம். இந்தியாவில் இருக்கும் ரிசீவர் ஒன்றைப் பிடித்து, காலை வேளையில் 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரை மெதுவாக நகர்த்திப் பாருங்கள். குரல் வாத்து கத்துவது போல இருந்தால் பழுது என்று நினைக்க வேண்டாம். எல்எஸ்பி என்ற முறைக்கு மாற்றி, துளித்துளியாகத் திருப்பினால் மனிதக் குரலாகத் தெளியும்.

உள்ளூர்ப் பேச்சு பெரும்பாலும் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான 2 மீட்டர் பேண்டில் நடக்கும். இந்த அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறது, மலை குறுக்கே வந்தால் நின்றுவிடும். சேலத்தைச் சுற்றி நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை, கோதுமலை என்று நாலு பக்கமும் மலைதான். செவ்வாய்ப்பேட்டைத் தெருவில் நின்று 5 வாட் கைக்கருவியில் பேசினால் சில கிலோமீட்டர் தாண்டுவதே பெரிய விஷயம். அதனால்தான் ஹாம்கள் உயரமான இடத்தில் ரிப்பீட்டர் வைப்பார்கள். உங்கள் குரலை ஒரு அலைவரிசையில் வாங்கி, அதே நொடியில் 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இன்னொன்றில் திரும்ப அனுப்பும் கருவி அது. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். சமவெளிக்கு மேல் 1,200 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா இருந்தால், தடையில்லாத பக்கம் ஏறக்குறைய 140 கிலோமீட்டர் வரை எட்டும். ஈரோடு, நாமக்கல், கரூர், தருமபுரி எல்லாம் அந்தத் தூரத்துக்குள் அடங்கிவிடும்.

ஆனால் அக்கா வீடு ஏற்காட்டில் இருக்கிறது என்பது மட்டும் போதாது. ஏரிப் பக்கம் பள்ளத்தில் இருந்தால் சுற்றியுள்ள மேடே அலையை மறைத்துவிடும். லேடீஸ் சீட் போல, கீழே சேலம் கண்ணுக்குத் தெரிகிற விளிம்புக்கு வந்தால் ஒரு வாட்டே தாராளம். நாளைக்கு லைசென்ஸ் கிடைத்து அங்கே நின்று பேசும்போது பவரைக் குறைத்து வையுங்கள். உயரத்திலிருந்து முழு பவரில் பேசினால், உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஊர்களின் ரிப்பீட்டரையும் சேர்த்துத் திறந்துவிடுவீர்கள்.

கூச்சம் பற்றிச் சொன்னீர்கள். உள்ளூர் நெட் என்பது குறித்த நேரத்தில் எல்லோரும் ஒரே அலைவரிசையில் கூடுவது. நடத்துபவர் ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். உங்கள் முறை வரும்போது சொல்ல வேண்டியது மூன்றே மூன்று: கால் சைன் (“வி.யு.3” என்பது போலத் தொடங்கும், லைசென்ஸோடு கிடைக்கும் அடையாளக் குறி), பெயர், ஊர். புதியவர்கள் செய்யும் தவறு, பட்டனை அழுத்திய அதே கணம் பேசத் தொடங்குவது. ரிப்பீட்டர் திறக்க ஒரு கணம் ஆகும், அதற்குள் முதல் எழுத்துகள் போய்விடும். “வி.யு.3” என்று நீங்கள் சொன்னது மற்றவர்களுக்கு “3” என்று மட்டும் கேட்கும். அழுத்துங்கள், ஒரு மூச்சு விடுங்கள், பிறகு பேசுங்கள். அதேபோல ஒருவர் பேசி முடித்ததும் இரண்டு நொடி இடைவெளி விடுங்கள். அவசரச் செய்தி வைத்திருப்பவர் அந்த இடைவெளியில்தான் உள்ளே வர முடியும். இதை நான் மரியாதைக்காகச் சொல்லவில்லை. வியாபாரப் பேச்சுக்கும் பாட்டுக்கும் இந்த அலைவரிசையில் இடமில்லை என்பதையும் மனதில் வையுங்கள். மண்டி விலை நிலவரத்துக்குப் போன்தான்.

கணக்கு எழுதுபவர் என்கிறீர்களே, கிளப்புக்கு உங்களைப் போன்ற ஆள் மிகவும் தேவை. நெட் நடக்கும்போது யார் எப்போது வந்தார், யாருடைய சிக்னல் எப்படி இருந்தது, என்ன செய்தி யாருக்குப் போனது என்று ஒருவர் பதிவேடு எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது நினைவிருக்கும். அப்படி ஒரு நாளில் கரண்டும் செல்போன் டவரும் சேர்ந்து போனால், மேலிருந்து கீழே செய்தி வர ரேடியோதான் மிஞ்சும். 2004 சுனாமியின்போது, ஹாம் ரேடியோ முகாமுக்காக அந்தமான் போயிருந்த பாரதி பிரசாத்தும் அவர் குழுவினரும் போர்ட் பிளேரிலிருந்து செய்திகளை இந்தப் பக்கம் கடத்தினார்கள். அந்த மாதிரி வேலையில் “ஏழு பேர்” என்பதை “எழுபது பேர்” என்று எழுதிக்கொண்டால் என்ன ஆகும்? எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்வது, எதிர்முனை அதைத் திருப்பிச் சொல்ல வைப்பது, பார்த்துச் சரி என்ற பிறகே அடுத்த வரிக்குப் போவது என்ற பழக்கமெல்லாம் உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது. முதல் நாளே நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு போய், “நான் எழுதுகிறேன்” என்று கேளுங்கள். மைக் பயமும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் தானாகக் குறையும்.

பரீட்சைக்கு எலக்ட்ரானிக்ஸ் பட்டம் வேண்டாம். 12 வயது நிரம்பியவர் யாரும் எழுதலாம் என்பதால் மகனும் உங்களோடு உட்காரலாம். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு நடத்துகிறது, விண்ணப்பம் சரள் சஞ்சார் தளத்தில். ரேடியோ அடிப்படை ஒரு பாதி, விதிகள் மறு பாதி. லைசென்ஸில் தொடக்க நிலை ரெஸ்ட்ரிக்டட் கிரேடு, அதற்கு மேல் ஜெனரல் கிரேடு. ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு ஒவ்வொரு பாதியிலும் 40 சதவீதம், மொத்தத்தில் 50 சதவீதம் எடுக்க வேண்டும். மோர்ஸ் (புள்ளியும் கோடுமாக அனுப்பும் தந்திக் குறியீடு) கிடையாது. ஜெனரல் கிரேடுக்குத்தான் நிமிடத்துக்கு 8 வார்த்தை மோர்ஸ் உண்டு. ரெஸ்ட்ரிக்டட்டில் தொடங்குங்கள். விதிகள் பகுதியை மனப்பாடமாகப் படித்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதிக்கு ஓம் விதியும் பள்ளிப் பாடமும் அடித்தளம்.

பையனுக்குப் புத்தகத்தைவிடக் கையில் ஒரு வேலை கொடுங்கள். 145 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைக் கம்பியின் நீளம் சுமார் 49 சென்டிமீட்டர். கெட்டியான செப்புக் கம்பியில் அந்த நீளத்துக்கு ஐந்து துண்டு வெட்டி, ஒன்றை நேராக மேலே, நான்கைச் சாய்வாகக் கீழே வைத்து ஒரு கனெக்டரில் பற்றவைத்தால் கிரவுண்ட் பிளேன் ஆன்டெனா ரெடி. பற்றவைப்பதைக் கிளப்பில் ஒரு மூத்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யட்டும். நீளத்தைச் சரிபார்க்கும் மீட்டரும் அவர்களிடம் இருக்கும். லைசென்ஸ் வந்ததும் அதை மொட்டை மாடியில் ஏற்றலாம்.

அக்கா வீட்டிலும் ஆன்டெனா கட்டும் எண்ணம் இருந்தால், சில்வர் ஓக் மரங்கள் கம்பி இழுக்க நல்ல வசதி. ஆனால் மின்கம்பிக்குப் பக்கத்திலேயே போகாதீர்கள். ஏற்காட்டில் கோடை மழை இடியோடுதான் வரும். மேகம் கறுக்கும்போதே ஆன்டெனா கேபிளைக் கருவியிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடச் சொல்லுங்கள், இடி கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.