மிஸ், மிஸஸ், எம்எஸ்: யாருக்கு எதை எழுதுவது?

ஆங்கிலக் கடிதத்தில் ஒரு பெண்ணின் பெயருக்கு முன்னால் எதைப் போடுவது என்பதுதான் கேள்வி. ஆண்களுக்குச் சிக்கலே இல்லை. கல்யாணம் ஆனாலும் ஆகாவிட்டாலும் மிஸ்டர். பெண்களுக்கு மூன்று இருக்கின்றன. திருமணமானவர் மிஸஸ், ஆகாதவர் மிஸ். நம் திருமதி, செல்வி மாதிரிதான். மூன்றாவது எம்எஸ் (Ms). கல்யாணம் ஆனதா இல்லையா என்று காட்டாதது. எழுதும்போது இரண்டே எழுத்து. சொல்லும்போது 'மிஸ்', ஆனால் கடைசி ஒலி வண்டு ரீங்காரம் போல அதிர வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், மூன்றுமே 'மிஸ்ட்ரெஸ்' என்ற ஒரே சொல்லிலிருந்து வந்தவை. 18ஆம் நூற்றாண்டில்கூட மிஸஸ் என்பது வீட்டுத் தலைவிக்கான மரியாதைதான், கல்யாணமாகாதவருக்கும் அது உண்டு. கணவர் கணக்கு பிறகு நுழைந்தது. அதைத் தவிர்க்கவே 1901இல் ஓர் அமெரிக்கச் செய்தித்தாள் எம்எஸ்ஸை முன்மொழிந்தது. நியூயார்க் டைம்ஸ் ஏற்றுக்கொண்டதோ 1986இல்தான்! பெயருக்கு முன்னால் கல்யாண விவரம் எதற்கு? பார்சல் மேல் முகவரி போதுமே, உள்ளே இருப்பதையுமா எழுதுகிறோம்?

இவை குடும்பப் பெயரோடுதான் சேரும். ஜேன் ஸ்மித்துக்கு 'டியர் எம்எஸ் ஸ்மித்'. 'எம்எஸ் ஜேன்' அல்ல.

அப்புறம், எம்எஸ் விவாகரத்தானவர்களுக்கு மட்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை, திருமணமானவருக்கும் எழுதலாம். அவரே மிஸஸ் என்று கையெழுத்திட்டிருந்தால் மட்டும் அதையே போடுங்கள்.